பியாண்ட் அவுட்ரேஜ்: கடைசியில் ஓதோமோ அந்தப் போலீஸ்காரனை ஏன் சுடுகிறான்?

ஒரு வாசகரின் கேள்வி, அக்டோபர் 5, 2024

ஜப்பானிய இயக்குநர் தகேஷி கிதானோவின் அவுட்ரேஜ் படத்தின் முதல் பாகம் பிடித்திருந்தது. இரண்டாம் பாகமான பியாண்ட் அவுட்ரேஜை நேற்றுதான் பார்த்தேன். படம் முழுக்கக் கோட்டு அணிந்த கிழவர்கள் அறைக்குள் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோரும் எல்லோரையும் விற்கிறார்கள். யாகுசா (ஜப்பானின் குற்றக் கும்பல்கள்) என்றாலே விசுவாசம் என்பார்களே, அது இந்தப் படத்தில் எங்கே இருக்கிறது? முடிவும் பிடிபடவில்லை. ஓதோமோவைச் சிறையிலிருந்து வெளியே எடுத்ததே அந்தப் போலீஸ்காரன்தான். அவனைப் போய் ஏன் சுட வேண்டும்?

அக்டோபர் 5, இரவு 10.40

கிமுரா செத்ததற்காக. பதில் அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்கு வந்துசேர இரண்டு முழுப் படங்கள் தேவைப்பட்டிருக்கின்றன. முடிவு வரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் படத்தில் (2010) ஓதோமோ, அதாவது கிதானோவே நடித்த பாத்திரம், சன்னோகாய் என்ற டோக்கியோ கூட்டமைப்பின் கீழ்ப்படியில் இருக்கும் ஒரு சிறு குழுவின் தலைவன். மேலே இருப்பவர்கள் கையைக் கறைப்படுத்திக்கொள்ள விரும்பாத வேலையெல்லாம் இவனிடம் வந்து விழும். எதிர்த்தரப்புக் குழுவின் ஆள் கிமுரா. மன்னிப்புக் கேட்க வந்த கிமுராவிடம் காகிதம் வெட்டும் கத்தி ஒன்றைக் கொடுத்து விரலை அறுத்துக்கொள்ளச் சொல்கிறான் ஓதோமோ. அந்தத் தகட்டால் எலும்பு அறுபடாது. கிமுரா திணறித் திட்டத் தொடங்கியதும் அதே கத்தியால் அவன் முகத்தைக் கீறுகிறான். கடைசியில் சிறைக்குள் வைத்து கிமுரா ஓதோமோவைக் குத்துகிறான். ஓதோமோ செத்துவிட்டான் என்று வெளியே செய்தி பரவுகிறது. படம் முடிகிறது.

இப்படி முடிந்த இருவரையும் இரண்டாம் பாகம் ஒரே பக்கத்தில் நிறுத்துகிறது. கிமுரா மன்னிப்புக் கேட்கிறான். ஓதோமோ, முதலில் தவறு செய்தவன் நான்தான் என்கிறான். சத்தியம் இல்லை, உறவை உறுதிசெய்ய மாற்றிக்கொள்ளும் சாகே மதுக் கிண்ணம் இல்லை, சாட்சி இல்லை. அந்த நொடியிலிருந்து இருவருக்கும் இடையில் ஒரு கணக்கு தொடங்குகிறது. படத்தில் இருக்கும் விசுவாசம் முழுவதும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் நாற்காலிக்கான சண்டை.

அக்டோபர் 6, காலை

"அறைக்குள் உட்கார்ந்து கத்துகிறார்கள்" என்ற குறைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்ததே அந்தக் கத்தல்தான்.

2012இல் இதே அக்டோபர் 6ஆம் தேதி படம் ஜப்பானில் வெளியானது. அதற்கு முந்தைய மாதம்தான் வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் காட்டியிருந்தார்கள். முதல் பாகத்துக்கு, எப்படியெல்லாம் கொல்லலாம் என்பதை முதலில் யோசித்துவிட்டுக் கதையைப் பிறகு கோத்ததாகக் கிதானோ சொல்லியிருக்கிறார். பல் மருத்துவரின் துளைக்கருவியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் பாகத்தில் அந்தக் கருவிகளின் இடத்தை வாய் எடுத்துக்கொள்கிறது. இந்த மனிதர் இயக்குநர் ஆவதற்கு முன் மேடை நகைச்சுவைக்காரர். மன்சாய் என்ற இரட்டையர் கலையில் டூ பீட் என்ற ஜோடியாகப் புகழ்பெற்றவர். ஒருவன் உளற வேண்டும், மற்றவன் அந்த உளறலைப் பிடித்து வெட்ட வேண்டும், நடுவில் மூச்சுவிட இடம் இருக்கக் கூடாது.

இப்போது ஒசாகா அறையைத் திரும்பப் பாருங்கள். ஹனபிஷிகாய் என்ற மேற்கு ஜப்பான் கூட்டமைப்பின் வரவேற்பறை. நிஷினோவாக நிஷிதா தொஷியுகி, நகதாவாக ஷியோமி சன்செய். ஒருவர் தாழ்ந்த குரலில் தொடங்குவார், மற்றவர் மேசையில் அடித்ததுபோல் வெடிப்பார், முதலாமவர் சிரித்துக்கொண்டே சமாதானம் சொல்வார், அந்தச் சமாதானத்துக்குள் ஒரு மிரட்டல் இருக்கும். தாளம் முழுவதும் மன்சாய் தாளம்தான். சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் அச்சத்தை வைத்திருக்கிறார். வந்திருப்பவன் எவ்வளவு சத்தத்தைத் தாங்குவான், எந்தச் சொல்லில் உடைவான் என்று அவர்கள் எடைபோடுகிறார்கள். விசுவாசமாக இருப்பானா என்ற சோதனையே அதுதான். அங்கே யாரும் உண்மையைத் தேடவில்லை.

நான் ஒசாகாவில் சில ஆண்டுகள் மென்பொருள் வேலையில் இருந்தேன். அந்த ஊர்ப் பேச்சின் வேகம் எனக்குக் காதில் பழகிய ஒன்று. கடைக்காரரும் வாடிக்கையாளரும் விலை பேசும்போதுகூட ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடித்துவைப்பார். அந்த இனிமையான வேகத்தையே கிதானோ கூர்தீட்டி வைத்திருக்கிறார். துணையெழுத்தை மட்டும் படித்துக்கொண்டு பார்த்தால் பாதி போய்விடும். அந்த அறைக் காட்சிகளை ஒருமுறை எழுத்தைப் படிக்காமல், காதால் மட்டும் கேளுங்கள்.

அக்டோபர் 6, மாலை

விரலைப் பற்றி.

கிமுராவும் ஓதோமோவும் ஹனபிஷிகாயின் உதவி கேட்டு ஒசாகா போகிறார்கள். கத்தல் உச்சத்துக்குப் போகிறது. ஓதோமோ துளியும் பணியவில்லை, பதிலுக்குக் கத்துகிறான். பேச்சு முறியப்போகும் இடத்தில் கிமுரா தன் விரலைத் தன் பல்லாலேயே கடித்துத் துண்டிக்கிறான். அறை அடங்குகிறது.

முதல் படத்தில் கத்தி கொடுத்தும் அறுபடாத விரல் இது. அன்றைக்கு ஓதோமோ கேட்டான், கிமுராவால் முடியவில்லை. இன்றைக்கு யாரும் கேட்கவில்லை, ஓதோமோ பேசிக் கெடுத்ததைச் சரிசெய்ய அவனே கொடுக்கிறான். விரலைக் கொடுப்பதன் பழைய நியாயம் எல்லோரும் அறிந்ததுதான்: சுண்டுவிரல் போனால் வாள்பிடி தளரும், பிடி தளர்ந்தவன் தலைவனையே இன்னும் அதிகமாகச் சார்ந்திருப்பான். ஆனால் கிமுரா சார்ந்திருக்க அங்கே ஒரு தலைவனும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் ஒரு காலத்தில் அவன் முகத்தைக் கீறியவன். பெரியவர்கள் அந்த விரலைத் தங்களுக்குச் செய்த மரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள். அது ஓதோமோவுக்காகக் கொடுத்தது. இந்தப் படத்தில் எனக்கு மிக வலித்த இடம் அதுதான், ரத்தத்தால் அல்ல.

அக்டோபர் 7

"இது செஞ்சோற்றுக் கடன்தானே, கும்பகர்ணன் கதைதானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஆனால் பொருத்தம் முதல் படத்துக்குத்தான். அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தும் அவனுக்காகக் களத்துக்குப் போனவன் கும்பகர்ணன். முதல் பாகத்து ஓதோமோ அப்படித்தான் இருந்தான். தலைவன் பேராசைக்காரன், பொய் சொல்கிறான் என்று தெரிந்தும் சொன்னதைச் செய்தான். பலன், அவன் ஆட்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த இஷிஹாரா மட்டும் எதிரியிடம் போய்ப் பிழைத்துக்கொண்டான். இரண்டாம் பாகத்து ஓதோமோ யார் சோற்றையும் தின்னவில்லை. கிமுராவிடம் அவனுக்கு இருப்பது சோற்றுக் கடன் அல்ல, தான் செய்த தீங்கின் கடன்.

அக்டோபர் 9

வார இறுதியில் மறுபடியும் முழுப் படத்தையும் போட்டுப் பார்த்தேன். பேஸ்பால் கூடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

சிறையிலிருந்து வந்த கிமுரா பிழைப்புக்காக ஒரு பேட்டிங் பயிற்சிக் கூடம் நடத்துகிறான். ஜப்பானின் புறநகர்களில் அதைப் பார்த்திருப்பீர்கள்: உயரமான கம்பங்கள், பச்சை வலை, வரிசையாகக் கூண்டுகள். நான் குடியிருந்த பகுதியிலும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒன்று இருந்தது. வேலை முடிந்து வருகிறவர்கள் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு காசைப் போடுவார்கள். கூண்டுக்குக் கூண்டு வேகம் எழுதியிருக்கும், 80 கிலோமீட்டர், 100, 130 என்று. 130இல் நின்றால் பந்து கண்ணுக்குத் தெரிவதற்குள் பின்னால் ரப்பர் விரிப்பில் மோதும் சத்தம் கேட்டுவிடும். எனக்கு 80தான் சரிப்பட்டது. நீங்கள் தயாரா இல்லையா என்று அந்த இயந்திரம் பார்ப்பதில்லை. ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில், அடுத்தது வரும், அடுத்தது வரும்.

இஷிஹாராவை அந்தக் கூண்டில் நாற்காலியோடு கட்டி இயந்திரத்துக்கு எதிரே உட்கார வைக்கிறான் ஓதோமோ. சன்னோகாயின் பழைய ஆட்களை ஓரம்கட்டிவிட்டு, பணம் ஈட்டுகிறவனுக்கே பதவி என்று அதிகாரத்துக்கு வந்தவன் இந்த இஷிஹாரா. கூட்டத்தில் தன்னைவிட மூத்தவர்களைப் பார்த்து அவன் எப்படிக் கத்துவான் என்று நினைவிருக்கிறதா? அப்படிப்பட்டவனுக்கு ஒரு எதிராளிகூடக் கொடுக்கப்படவில்லை. கோபம், பழி, பேச்சு எதுவும் இல்லாத ஒரு இயந்திரத்தின் முன் விடப்படுகிறான். கொலையை இவ்வளவு உணர்ச்சியற்றதாக ஆக்கியதால்தான் பார்க்கவே முடியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கூடம் கிமுராவின் கடை என்பதைத்தான். யாகுசாவை விட்டு வந்தவன் ஏன் இப்படி ஒரு கடை வைக்க வேண்டும்? அவனுக்கு வேலை கொடுக்க யாரும் இல்லை.

நான் ஒசாகாவில் வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது முன்னால் இருந்த பெண் படிவத்தைத் திருப்பி வைத்து, ஒரு சிறிய கட்டத்தைப் பேனாவின் பின்முனையால் தொட்டுக் காட்டினார். நான் எந்த வன்முறைக் கும்பலையும் சேர்ந்தவன் இல்லை, இனியும் சேர மாட்டேன் என்று உறுதி கூறும் கட்டம் அது. வேற்று நாட்டிலிருந்து வந்து மூச்சுவிடாமல் நிற்கிற என்னிடம் இதைக் கேட்கிறார்களே என்று விழித்தேன். அவர் முகத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை, எல்லோரிடமும் கேட்பதுதான். வீடு வாடகைக்கு எடுத்தபோது ஒப்பந்தத்தில் அதே பிரிவு. கைபேசி வாங்கியபோதும் அதே.

பின்னணி இது: கும்பல்களுக்கு எதிரான சட்டம் 1992இல் நடைமுறைக்கு வந்தது. அது யாகுசாவை நேராகக் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு மாகாணங்கள் கொண்டுவந்த, கும்பல்களை ஒதுக்கிவைக்கும் விதிகள் வேறு வகை. யாகுசாவோடு வியாபாரம் செய்கிற சாதாரண மனிதரைப் பிடித்தன. ஃபுக்குவோகாவில் 2010இல் தொடங்கி, 2011 அக்டோபர் 1 அன்று டோக்கியோவிலும் ஒகினாவாவிலும் நடைமுறைக்கு வந்தபோது நாடு முழுவதும் நிறைந்துவிட்டது. 2011 மார்ச் நிலநடுக்கத்தால் இந்தப் படத்தின் வேலை தள்ளிப்போனது. அதாவது முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவில், இந்தக் கதை மாந்தர்களின் காலடியிலிருந்த தரையே நகர்ந்துவிட்டது. குழுவை விட்டு விலகினாலும் ஐந்து ஆண்டுகள் வரை ஒப்பந்தங்களில் அவனை உறுப்பினனாகவே நடத்துகிற வழக்கமும் உண்டு. விலகியவனுக்குக் கணக்கு இல்லை, வீடு இல்லை, கைபேசி இல்லை.

கிமுராவைப் பார்த்து "மறுபடியும் உள்ளே போ, குழுவைக் கட்டு" என்று தூண்டுகிற துப்பறிவாளன் கதாவோகாவை, நீங்கள் கேட்ட அந்தப் போலீஸ்காரனை, இந்த வெளிச்சத்தில் பாருங்கள். வெளியே வாழ வழியில்லாமல் செய்தது அரசு. அரசின் ஆளே வந்து உள்ளே போகச் சொல்கிறான். தான் ஓய்ந்துவிட்டதாகச் சொல்லும் ஓதோமோவிடமும் அதையேதான் செய்கிறான்.

அக்டோபர் 9, சற்று நேரம் கழித்து

கிமுராவின் இரண்டு பையன்களை விட்டுவிட்டேன். ஷிமா, ஓனோ. கிரிதானி கென்தாவும் அராய் ஹிரோஃபுமியும் நடித்தார்கள். ஓதோமோவின் பாதுகாப்புக்கு விடப்பட்டவர்கள். யாருக்கும் எந்த லாபமும் கணக்குப் பார்க்காமல் ஓடியாடுகிறவர்கள் படத்தில் இவர்கள் மட்டும்தான். கொல்லப்படுகிறார்கள். ஓய்வு பெற நினைத்த ஓதோமோவை எழுப்பியது அதுதான். கதாவோகா எவ்வளவோ பேசியும் அசையாதவன், இரண்டு பையன்களின் உடலைப் பார்த்ததும் ஒசாகாவுக்குப் புறப்பட்டுவிட்டான்.

அக்டோபர் 12

"நிஜத்தில் இப்படி மேற்குக்கும் கிழக்குக்கும் சண்டை நடந்ததா?" என்ற கேள்விக்கு.

நடந்தது. ஜப்பானின் மிகப் பெரிய கூட்டமைப்பான யமகுச்சிகுமி 1915இல் கோபேயில் தொடங்கியது. டோக்கியோ பகுதி சுமியோஷிகாய், இனகவாகாய் போன்றவற்றின் களம். டோக்கியோவின் கொக்குசுய்காய் என்ற பழைய குழு 2005இல் யமகுச்சிகுமியின் குடைக்குள் போனது. அந்தக் குழுவின் நிலம் என்று கருதப்பட்ட இடங்களில் சுமியோஷிகாய் தொழில் செய்துவந்தது. 2007 பிப்ரவரியில் டோக்கியோவின் நடுவில் சுமியோஷிகாய் ஆள் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் கொக்குசுய்காயின் தலைவர் இறந்துகிடந்தார். ஒசாகாக்காரர்கள் டோக்கியோக் கூட்டமைப்பின் அதிருப்தியாளர்களை வளைப்பது என்ற படத்தின் அடித்தளத்தில் கற்பனை குறைவு.

அந்த வளைப்பைக் கிதானோ காட்டும் விதம்தான் கொடுமை. சன்னோகாயின் மூத்தவரான தொமிதா, இஷிஹாராவின் அவமதிப்பு தாங்காமல் ஒசாகாவுக்குப் போய் முறையிடுகிறார். ஹனபிஷிகாயின் பெரியவர் ஃபுசே கனிவாகக் கேட்டுக்கொள்கிறார். தொமிதா திரும்பி வருவதற்குள் செய்தி சன்னோகாய்த் தலைவன் கதோவுக்குப் போய்விடுகிறது. கதோவின் வீட்டில் கணக்கு முடிகிறது. தொமிதாவாக நடித்த நகாவோ அகிரா 2024 மே மாதம் காலமானார். தான் விற்கப்பட்டோம் என்று தொமிதாவுக்குத் தெரியவரும் கணத்தில் அந்தக் கனத்த குரல்காரர் குரலே இல்லாமல் நிற்பார்.

உள்ளுக்குள் உடைவது பற்றியும் ஒன்று. படம் வந்து மூன்றாண்டுகளில், 2015 ஆகஸ்டில், யமகுச்சிகுமியே இரண்டாகப் பிளந்தது. 1980களின் பெரும் பிளவிலும் இப்படித்தான், 1985 ஜனவரியில் நான்காம் தலைவரையே பிரிந்துபோனவர்கள் சுட்டுக் கொன்றார்கள். தகப்பனும் பிள்ளையும், அண்ணனும் தம்பியும் என்று சாகே கிண்ணம் மாற்றிக்கொண்டவர்கள்தான் எல்லோரும். அண்ணன் தம்பி உறவைக்கூட அவர்கள் அளந்துதான் வைப்பார்கள்: சரிபாதி அண்ணன் தம்பி, ஆறுக்கு நான்கு, ஏழுக்கு மூன்று என்று. யாருக்கு எவ்வளவு மூப்பு என்பது கிண்ணத்திலேயே தீர்மானம். இவ்வளவு நுணுக்கமாக அளந்துவைத்த உறவு இவ்வளவு எளிதில் முறிவதைப் பார்த்தால், அளக்காமல் தொடங்கிய ஓதோமோ-கிமுரா கணக்கின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

போலீஸ் கணக்குப்படி யாகுசாவில் 1963இல் ஏறத்தாழ 1,84,000 பேர். 2023 இறுதியில் 20,400. சண்டை போட்டுச் செத்ததால் குறையவில்லை. அண்மைக் காலச் சரிவில் அந்தப் பேனாமுனை தொட்டுக் காட்டிய கட்டத்துக்கும் பங்கு உண்டு.

அக்டோபர் 14

முதல் நாள் எழுதிய பதிலை இன்னும் நீட்ட வேண்டியிருக்கிறது.

கிமுராவுக்காகச் சுட்டான் என்றேன். அது நிற்கிறது. ஆனால் அந்தக் கடைசி நிமிடத்தை இன்னொரு முறை பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. கிமுராவின் இறுதிச் சடங்குக்கு ஓதோமோ தனியாக வருகிறான். உள்ளே இரண்டு கூட்டமைப்பின் ஆட்களும் இருக்கிறார்கள். வாசலுக்கு வெளியே கதாவோகா அவனைப் பிடித்து, வெறும் கையோடு போகலாமா என்று ஒரு துப்பாக்கியைக் கொடுக்கிறான். உள்ளே போய்ச் சுடு, நீயும் செத்துப்போ, என் வேலை முடிந்தது என்பதுதான் அந்தக் கொடையின் உள்ளடக்கம். அதே துப்பாக்கியால் ஓதோமோ அவனையே சுடுகிறான். படம் அங்கேயே அறுந்துவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள் என்ன செய்தார்கள், ஓதோமோ தப்பினானா, ஒன்றும் இல்லை.

கதாவோகாவாக வரும் கொஹினாதா ஃபுமியோவின் நடிப்பை இங்கே சொல்லாமல் விடக் கூடாது. யாரிடம் பேசினாலும் அவரவர் பக்கத்தில் நிற்பதுபோன்ற சிரிப்பு. கதோவிடம் உறையை வாங்கிக்கொள்ளும்போதும் அதே சிரிப்பு, ஓதோமோவைச் சிறையில் சந்திக்கும்போதும் அதே சிரிப்பு. கூட இருக்கும் இளைய அதிகாரி ஷிகெதா, மத்சுஷிகே யுதாகா நடித்தது, மெல்ல மெல்ல முகம் சுளித்து ஒதுங்குகிறார். இரண்டு கூட்டமைப்புகளை மோதவிட்டு இரண்டையும் அழிப்பதாகக் கதாவோகா சொல்லிக்கொள்கிறான். அழிவது கிமுராவும் இரண்டு பையன்களும். பெரிய நாற்காலிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, உட்காருகிறவர்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள். ஆக ஓதோமோ கிமுராவுக்காக மட்டும் சுடவில்லை. தொடக்கத்திலிருந்து எல்லோரையும் நகர்த்திய கையைச் சுடுகிறான்.

இதே இடத்தில் ஹாங்காங் இயக்குநர் ஜானி டோ என்ன செய்தார் என்று பாருங்கள். எலெக்‌ஷன் 2 (2006). அதுவும் இரண்டாம் பாகம், அதுவும் குற்றச் சங்கத்தின் தலைமைச் சண்டை. ஜிம்மி என்ற பாத்திரம், லூயி கூ நடித்தது, சங்கத்தை விட்டு வெளியேறி சீனப் பெருநிலத்தில் நிலவணிகம் செய்யத்தான் தலைவனாகிறான். கடைசியில் சீனப் பாதுகாப்பு அதிகாரி வந்து, நீ தலைவனாகவே இரு, உனக்குப் பின் உன் பிள்ளை இருக்கட்டும் என்கிறார். ஜிம்மி அவரை வெறிபிடித்து அடிக்கிறான். அடியை வாங்கிக்கொண்டு அதிகாரி எழுகிறார், எதுவும் மாறவில்லை. அரசுக்கு அடங்கிய சங்கம்தான் அவருக்கு வேண்டும். ஜிம்மியின் அடி எங்கும் போய்ச் சேராது, ஓதோமோவின் குண்டு போய்ச் சேர்ந்தது. இரண்டு நாடுகளில் அரசு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதன் வேறுபாடாகவே அதைப் படிக்கிறேன். ஜப்பானில் அது லஞ்சம் வாங்கும் ஒரு துப்பறிவாளன், சுட்டால் விழுவான். அங்கே அது ஒரு மனிதனே அல்ல. படமாக எலெக்‌ஷன் 2 ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது இதைத்தான்.

அக்டோபர் 18

நேற்று நிஷிதா தொஷியுகி காலமானார். வயது 76. கிதானோ பிறந்த அதே 1947இல் ஃபுகுஷிமாவில் பிறந்தவர். இந்த இழையில் அவர் பெயரைப் பாராட்டி எழுதிப் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நெஞ்சு கனக்கிறது.

ஜப்பானியர்களுக்கு அவர் மீன்பிடிப் பைத்தியமான ஒரு அலுவலக ஊழியராக இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர் படங்களில் சிரிக்க வைத்தவர். அவர் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். என் அலுவலகத்தில் இருந்த மூத்தவர் ஒருவர், எதற்கும் அசையாத மனிதர், அந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் குழந்தையாகிவிடுவார். அப்படிப்பட்டவரைக் கிதானோ ஹனபிஷிகாயின் நிஷினோவாக உட்கார வைத்தார். உருண்டை முகம், கண்ணாடி, மாமா போன்ற உடம்பு. அந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் வரும்போது ஜப்பானிய அரங்கில் எவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்கும் என்று நமக்கு முழுதாகப் புரியாது. கேலிக்காக அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. நகைச்சுவைக்காரனுக்குத்தான் அடுத்தவன் மூச்சு எங்கே நிற்கும் என்று தெரியும், அது கிதானோவுக்குத் தெரியும்.

இன்றிரவு அந்த ஒசாகா அறைக் காட்சியை மட்டும் போடுவேன்.

அக்டோபர் 21

கேள்வி கேட்ட வாசகர் மூன்றாம் பாகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். பாருங்கள். அவுட்ரேஜ் கோடா, 2017, வெனிஸ் விழாவின் நிறைவுப் படமாகக் காட்டப்பட்டது.

சாங் என்ற கொரியப் பெரியவரை இரண்டாம் பாகத்தில் ஓரமாகப் பார்த்தீர்களே, ஓதோமோவுக்கு அடைக்கலம் கொடுப்பவர், மூன்றாம் பாகம் அவரைச் சுற்றித்தான் நகர்கிறது. ஓதோமோ ஜேஜு தீவில் சாங்கின் நிழலில் இருக்கிறான். ஹனபிஷிகாய்க்காரன் ஒருவன் சாங்கின் ஆளைக் கொன்றுவிட, கதை ஜப்பானுக்குத் திரும்புகிறது. யாகுசா உலகில் கொரிய வம்சாவளியினரின் பங்கு பழையது. போருக்குப் பிறகு டோக்கியோவின் கின்சா பகுதியைக் கையில் வைத்திருந்த தோசெய்காய் என்ற குழுவின் நிறுவனர் மச்சீ ஹிசயுகி கொரியர்தான், கடைசியில் இரு நாட்டு அரசியல்வாதிகளோடும் உட்கார்ந்து பேசும் இடத்துக்கு உயர்ந்தவர். சாங்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

உங்கள் முதல் கேள்வியின் வழியிலேயே அதையும் பாருங்கள். ஓதோமோ இப்போது யாருக்குக் கடன்பட்டிருக்கிறான் என்று மட்டும் பின்தொடர்ந்தால் போதும், மற்ற பெயர்களும் பதவிகளும் தானாக விளங்கும். ஹனபிஷிகாயின் புதிய தலைவராக வருகிறவர் ஒசுகி ரென். பங்குச் சந்தையிலிருந்து வந்து, மருமகன் என்ற ஒரே தகுதியில் உட்கார்ந்த பாத்திரம், விரலும் கிண்ணமும் அறியாதவர். இஷிஹாரா தொடங்கிவைத்தது அங்கே போய் முடிந்திருக்கிறது.

இரண்டாம் பாகத்தின் கத்தலை எதிர்பார்க்காதீர்கள். ஷியோமிக்கு 2014இல் மூளையில் ரத்தக்கசிவு வந்தது, நிஷிதாவும் 2016இல் அறுவைச் சிகிச்சைகளிலிருந்து மீண்டு வந்திருந்தார். இருவரும் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே நடித்தார்கள். கிதானோ அவர்களை மாற்றாமல் காத்திருந்து எடுத்தார். முதல் பாகத்தை விட்டுவிட்டு மூன்றாவதற்குப் போகாதீர்கள், இரண்டாவதை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.